முதலில் கொலுசு, பிறகு யானை

மார்ச் 4, செவ்வாய்

இன்று நான் ஒரு சிறிய பிழை செய்திருப்பதைக் கண்டுபிடித்தேன். பிழை செய்தது போன வியாழக்கிழமை. கண்டுபிடித்தது இன்று. இடைப்பட்ட ஐந்து நாளும் ஒரு குறையும் இல்லாமல் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

பாடத்திட்டப் படிவத்தில் மூன்றாம் படியும் நான்காம் படியும் இடம் மாறிவிட்டன. மூன்றில் ‘விலங்கை வரைதல்’ என்றும் நான்கில் ‘விலங்கை அலங்கரித்தல்’ என்றும் எழுதியிருக்க வேண்டும். நான் மூன்றில் அலங்கரித்துவிட்டு நான்கில்தான் வரைந்திருக்கிறேன்.

பகலில் நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பிழை வந்த விதத்தையும் எழுதிவைக்கிறேன், மறுபடி வராமல் இருக்க உதவும். முதல் வரைவில் படிகள் சரியாகத்தான் இருந்தன. பிறகு ஒரு சந்தேகம் வந்து இரண்டுக்கும் நடுவே இடமாற்றக் குறி போட்டேன். அடுத்து இன்னொரு சந்தேகம் வந்து அந்தக் குறியை ரத்து செய்ய அடியில் புள்ளிகள் வைத்தேன். நல்ல தாளில் எடுத்தெழுதும்போது குறியைப் பார்த்தேன், புள்ளிகளைப் பார்க்கவில்லை. சந்தேகமே வராத ஒருத்திக்கு இந்தப் பிழை வந்திருக்க வழியில்லை.

மாலையில் ஒரு பயிற்சி நிலையத்தில் படிப்பது சிறார் கலை ஆசிரியர் சான்றிதழ். பன்னிரண்டு குழந்தைகளுக்கு, எல்லாரும் ஐந்து ஆறு வயது, பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு வந்த தலைப்பு ‘இந்திய அலங்கார விலங்குகள்’. முகத்தில் கோலம் எழுதிய யானை, கொம்புக்கு வண்ணம் பூசிய காளை, முதுகு மயிரைப் பூவும் கொடியுமாகக் கத்தரித்த ஒட்டகம், கண்ணாடிச் சில்லு தைத்த விரிப்புப் போட்ட குதிரை. படங்களைப் பார்த்தபோது எனக்கே வயது ஐந்தாகிவிட்டது.

இது எனக்கு இரண்டாம் முயற்சி. முதல் முயற்சியில் குழந்தைகள் பத்து நிமிடத்தில் பத்தொன்பது முறை சிரித்ததால் தேறவில்லை. அனுமதிக்கப்பட்ட அளவு எட்டு. இந்த முறையும் தேறாவிட்டால் இரண்டு ஆண்டு விண்ணப்பிக்க முடியாது. எங்கள் தெருக்கோடி மழலைப் பள்ளியில் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. சான்றிதழோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் வந்தால் என்ன என்று கேட்டதற்கு, வரவேற்பறையில் உட்காரலாம் என்றார்கள்.

நாளை: அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைத் திருத்த வேண்டும். சிறிய வேலை.

மார்ச் 5, புதன்

சிறிய வேலை இல்லை.

நிலையத்தின் எழுத்தர் நல்ல மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். படிவத்தை எடுத்துப் பார்த்தார். படிகளை அவர் பார்க்கவில்லை. கீழே இருந்த முத்திரையைப் பார்த்தார்.

“முத்திரை விழுந்தாச்சேம்மா” என்றார்.

எண்ணை மட்டும் மாற்றினால் போதும், மூன்றை நாலாக்கி நாலை மூன்றாக்கினால் முடிந்தது என்றேன். பேனாகூட நானே கொண்டுவந்திருந்தேன்.

“அத முத்திரைக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். அப்ப அது உங்க பிழை. இப்ப அது நிலையத்தோட திட்டம். நிலையத்தோட திட்டத்துல நீங்க எப்படிம்மா கை வைப்பீங்க?”

திருத்தப் படிவம் என்று ஒன்று உண்டாம். அதைத் திருத்தக் குழு பார்க்க வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். போன வாரம் கூடியதாம். அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பதுதான் அன்றைய பொருள். தேதியில் ஒத்துப்போகாமல் கலைந்துவிட்டார்களாம்.

திட்டத்தில் உள்ளபடி நடத்தாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தேற முடியாது என்றார். உள்ளபடி நடத்தினால்? அவர் படிவத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, “மை புதுசு. என்னமா விழுந்திருக்கு பாருங்க” என்றார். உண்மைதான். நன்றாகத்தான் விழுந்திருந்தது.

மார்ச் 7, வெள்ளி

முதல் பாடம். விலங்கு, யானை.

ஒவ்வொரு படியையும் தொடங்கும் முன் உரக்க வாசிக்க வேண்டும் என்பது விதி. முதல் படி, படங்களைப் பார்த்தல். பார்த்தார்கள். இரண்டாம் படி, வண்ணம் தேர்தல். தேர்ந்தார்கள். பசையைத் தின்னும் பழக்கம் உள்ள ஒரு குழந்தை பசையையும் தேர்ந்தது. நாங்கள் அதற்குப் பசை என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

மூன்றாம் படியை வாசித்தேன். “விலங்கை அலங்கரித்தல்.”

பன்னிரண்டு பேரும் வெள்ளைத் தாளைக் குனிந்து பார்த்தார்கள். சிலர் திருப்பியும் பார்த்தார்கள். பின்பக்கமும் யானை இல்லை.

கேள்வி கேட்க ஒருத்தி இருக்கிறாள். ஐந்து வயது, முன்பல் ஒன்று இல்லை, பேசும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

“எத மிஸ் அலங்காரம் பண்றது?”

“யானையை.”

“எங்க?”

“அப்புறமா வரும்.”

“எப்ப?”

“நாலாவது படியில.”

“வராட்டி?”

படிவத்தைப் பார்த்தேன். அதற்கு அங்கே கட்டம் இல்லை. “வரும்” என்றேன். தாமதமான பேருந்தைப் பற்றி நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குரலில்தான் சொல்ல முடிந்தது.

ஆனால் குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. வரப்போகிற யானைக்காக வேலையில் இறங்கினார்கள். தாளில் அங்கங்கே மணிகள் தோன்றின. பூக்கள், வளையங்கள், நீலக் கோடுகள். இருபது நிமிடம் ஒரு சத்தம் இல்லை. சிரிப்பு மூன்று, நானே எண்ணினேன். நான்காம் படியை வாசித்ததும் நகைகளைச் சுற்றிக் கோடு போட்டு யானையைத் தேடத் தொடங்கினார்கள். கிடைத்தது. ஒரு யானைக்கு முகக்கோலம் பின்பக்கத்தில் இருந்தது. அது திரும்பி நிற்கிறது என்றான் வரைந்தவன். பசையின் யானைக்குக் கால் ஆறு. இரண்டு கொலுசு மிஞ்சிவிட்டதால் கால் சேர்க்க வேண்டியதாயிற்றாம். எனக்குத் தெரிந்த எந்த யானையும் இவ்வளவு காரணத்தோடு இருந்ததில்லை.

வக்கீலின் தாளில் யானை இல்லை.

நகைகள் இருந்தன. நான்கு கொலுசு, இரண்டிரண்டாக அடுக்கி. அதில் ஒன்று சற்றுச் சாய்ந்து கிடந்தது. ஒரு பெரிய மணி, ஆடாதபடி அதன் நாக்கில் நூல் சுற்றியிருந்தது. முதுகு விரிப்பை நான்காக மடித்து, காற்றில் பறக்காதபடி மேலே ஒரு கல்லையும் வைத்திருந்தாள்.

“யானை எங்கம்மா?”

“குளிக்கப் போயிருக்கு மிஸ்.”

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து விளக்கினாள். “நகையோட குளிச்சா வீணாப் போயிடும்ல. அதான் எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுப் போயிருக்கு.”

“எப்ப வரும்?”

“அது யானை இஷ்டம்.”

மதிப்பெண் தாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் நேரே ‘விலங்கு: உண்டு / இல்லை’ என்று இருக்கிறது. வக்கீலுக்கு எதை அடிப்பது என்று தெரியாமல் நடுவில் இருந்த சாய்கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

நிலையத்தின் நெறியாளர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவாங்கத் தயாராகப் போனேன். மன்னிப்பை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இரண்டு முறை திருத்தியும் வைத்திருந்தேன்.

மேசைமேல் குழந்தைகளின் படங்கள் இருந்தன. “யார் உங்களுக்கு இப்படிப் பண்ண அனுமதி குடுத்தது?” என்று கேட்டார். படிவத்தில் இருக்கிறது என்றேன். படிவத்தை எடுத்தார். முத்திரை இருந்தது. முத்திரைக்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்துப் பார்க்காமல் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டவரின் முகம் முதலில் வந்தது. தான் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை என்பது நினைவுக்கு வந்தவரின் முகம் அடுத்து வந்தது. ஆகவே அது பிழையாக இருக்க முடியாது.

அரை மணி நேரத்தில் பயிற்சி ஆசிரியர்கள் பத்தொன்பது பேரையும் கூடத்தில் உட்காரவைத்தார்.

“எல்லாரும் விலங்க முதல்ல வரைஞ்சுட்டு அப்புறமா அலங்காரம் பண்றாங்க. ரொம்பப் பழைய சிந்தனை” என்று தொடங்கினார். “நம்ம நிலையத்தையே எடுத்துக்குங்க. எப்படித் தொடங்கினோம்? முதல்ல பேர்ப்பலகை. அப்புறம் திறப்புக் கல்வெட்டு. அப்புறம் கேடயம் வைக்க அலமாரி. மூணு வருஷம் கழிச்சுத்தான் பிள்ளைங்களச் சேர்த்தோம். அந்த மூணு வருஷமும் ஒரு புகார் வந்துச்சா? ஒண்ணு வரல. பிள்ளைங்க வந்தப்புறம்தான் புகாரே வந்துச்சு.”

பத்தொன்பது பேரும் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன். இந்த முறைக்கு ‘அலங்கார முந்துமுறை’ என்று பெயர் வைத்தார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அது பிழை, இடமாற்றக் குறியால் வந்தது என்று சொல்லத்தான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள், “அடக்கத்தப் பாருங்க, பேச்சே வரல” என்றார். கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து, அலங்காரத்தை முதலில் செய்வது ஏன் சிறந்தது என்பதற்கு மூன்று காரணங்களை யோசித்தேன். மூன்றாவது காரணம் மிக நன்றாக இருந்தது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

அக்காவிடம் சொன்னேன். அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறாள். எதையும் மடித்துக்கொண்டேதான் கேட்பாள்.

“நேத்து சாம்பார்ல உப்பு போட மறந்தியே, அதுக்கும் ஒரு பேர் வச்சிடேன்” என்றாள். அத்தான் சிரித்ததில் புரையேறிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

முறை பரவிவிட்டது. தையல் வகுப்பில் முதலில் பொத்தான் தைக்கிறார்கள், துணி அடுத்த மாதம் வருமாம். பாட்டு வகுப்பில் முதல் பத்து நிமிடம் கைதட்டல். பாடத் தொடங்கும்போது எல்லாருக்கும் உள்ளங்கை சிவந்திருக்கிறது. பாட்டு ஆசிரியர் நடைக்கூடத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடைய இரண்டாம் பாடத்துக்கு மதிப்பீட்டாளர் வந்தார். போன முறை என்னைத் தேறவிடாமல் செய்த அதே ஆள். கையில் ஓர் எண்ணும் கருவி வைத்திருப்பார். கட்டைவிரலால் அமுக்கினால் ‘டிக்’ என்று ஓர் எண் ஏறும். இன்று விலங்கு காளை. கொம்புகளை எண்ணினார், மணிகளை எண்ணினார். ஒரு விலங்குக்கு அலங்காரம் ஏழுக்குக் குறையக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாக எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பசையின் காளைக்கு அறுபத்தொன்று. கருவி சூடாகிவிட்டதுபோல் கையை உதறிக்கொண்டார்.

கடைசியில் போன வாரத்து யானைப் படங்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திவைத்து, நெறியாளரும் அவரும் சற்றுப் பின்வாங்கிப் பார்த்தார்கள். இருபத்து மூன்றாம் தேதி பெற்றோருக்கான கண்காட்சி. ‘அலங்கார முந்துமுறையின் முதல் வெற்றி.’ பன்னிரண்டு யானைப் படங்கள் மாட்டப்படும்.

“ஒரு குறை சொல்லலாமா?” என்றார் மதிப்பீட்டாளர். “பாத்தா குழந்தைங்க வரைஞ்ச மாதிரி இல்லையே.”

“ஆமா” என்றார் நெறியாளர். “குழந்தைத்தனம் பத்தல.”

ஆகவே பயிற்சி ஆசிரியர்கள் வரைந்து தர வேண்டும் என்று முடிவாயிற்று. இடது கையால்.

மார்ச் 18, செவ்வாய்

மாலை முழுக்க இடது கையால் யானை வரைந்தோம். எங்களில் ஒருத்தி இயல்பிலேயே இடதுகைக்காரி. அவளை வலது கையால் வரையச் சொன்னார்கள். சின்ன வயதில் வலது கைக்கு மாற்றுவதற்காக வீட்டில் அவளைப் படாதபாடு படுத்தினார்களாம். அந்தப் பயிற்சியால் வலது கையிலும் அழகாகவே வந்தது. அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

என் முதல் யானையைப் பார்த்து நெறியாளர், “கொஞ்சம் அறியாமை சேருங்க” என்றார். சேர்த்தேன். இரண்டாவதைப் பார்த்து, “வியப்பு இருக்கு. ஆனா குதூகலம் வரல” என்றார். மூன்றாவது யானையை மேசைக்கு அடியில் முழங்காலில் வைத்து, பார்க்காமல் வரைந்தேன். ‘குழந்தைத்தனம்: மிகச் சிறப்பு’ என்று போட்டார். பள்ளியிலும் கல்லூரியிலும் எந்தப் பாடத்திலும் எனக்கு ‘மிகச் சிறப்பு’ விழுந்ததில்லை. தாளை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதை நினைத்து வெட்கப்பட வேண்டும் என்று குறித்துவைக்கிறேன். இன்னும் வெட்கம் வரவில்லை.

பதினொரு படம் முடிந்தது. பன்னிரண்டாவது வக்கீலுடையது. மடித்த விரிப்பையும் சாய்ந்த கொலுசையும் இடது கையால் யாராலும் எடுத்தெழுத முடியவில்லை. வலது கையாலும் முடியவில்லை.

“அசலையே மாட்டிடலாம்” என்றார் நெறியாளர். “பாவம், பொண்ணு எல்லாம் பண்ணிருக்கா, யானைய மட்டும் விட்டுட்டா. யாராவது ஒரு யானைய அதுல போட்டுடுங்க.”

யானை குளிக்கப் போயிருக்கிறது என்று சொன்னேன்.

“எந்த யானை?” என்றார்.

மதிப்பீட்டாளர் தன் பங்குக்குத் தெளிவாகச் சொன்னார். கண்காட்சிக்கு மறுநாள் திங்கள்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து எண்ணுவார். தாள் பன்னிரண்டு, விலங்கு பன்னிரண்டு. பன்னிரண்டு டிக் கேட்டால் எனக்குச் சான்றிதழ். பதினொன்று கேட்டால் இரண்டு ஆண்டு கழித்துப் பார்க்கலாம்.

மார்ச் 20, வியாழன்

வரைந்துவிட்டேன்.

யார் வேண்டுமானாலும் வரையலாம் என்றுதான் நெறியாளர் சொன்னார். இடதுகைக்காரியிடம் கொடுத்திருக்கலாம். நானே வரைந்தால் கவனமாக வரைவேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பேருந்தில் தோன்றிய மூன்றாவது காரணத்தைப் போலவே இதுவும் நன்றாக இருந்தது.

பென்சிலால்தான் வரைந்தேன். அழுத்தாமல். எனக்கு எதையும் பென்சிலால் செய்துதான் பழக்கம்.

கழற்றி வைத்த நகையை ஒரு யானைக்கு மாட்டுவது சுலபமாக இல்லை. கொலுசுகள் நான்கும் ஒரே இடத்தில் இருப்பதால் நான்கு காலையும் ஒன்றாகச் சேர்த்துவைத்து நிற்க வேண்டியிருக்கிறது. சாய்ந்த கொலுசுக்காக ஒரு காலை மட்டும் மடக்கினேன். நாக்கைக் கட்டிய மணி கழுத்தில் தொங்குகிறது. விரிப்பு முதுகின்மேல் நான்கு மடிப்போடு இருக்கிறது, அதன்மேல் கல். ஏதோ குற்றத்துக்காக முதுகில் கல் ஏற்றி நிற்கவைத்த யானையைப் போல இருந்தது. கண்ணை எப்படிப் போட்டாலும் என்னையே பார்த்தது. கடைசியில் கண்ணை மூடிவிட்டேன், அதாவது யானையுடையதை.

அக்கா சோற்றைப் போட்டுவிட்டு, “ஏன் உம்முனு இருக்க?” என்று மட்டும் கேட்டாள். வேலை என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

கண்காட்சி நடந்தது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையில் இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு நன்றியுரை. முந்துமுறைப்படி நன்றியுரைதான் முதலில். பிறகு கேடயம் வழங்கினார்கள். பிறகு வரவேற்புரை. அப்போதுதான் பெற்றோர்களை உள்ளே விட்டார்கள்.

பெற்றோர்கள் சுவரோரமாக நடந்து தங்கள் குழந்தையின் பெயருக்குக் கீழே இருந்த எங்கள் இடது கையை ரசித்தார்கள். “எங்க கத்துக்கிட்ட இத?” என்று பசையிடம் அதன் அம்மா கேட்டார். பசை அந்த யானையை நன்றாகப் பார்த்துவிட்டு, “தெரியல” என்றது. பிறகு கால்களை எண்ணியது. நான்குதான். மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டது.

முறையைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லும்படி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை எழுதி வைத்திருந்தேன், ஒரே வரி. அதை உள்ளபடி வாசித்தேன்.

“நான் எதையும் கண்டுபிடிக்கல. அது எடுத்தெழுதும்போது வந்த பிழை.”

மதிப்பீட்டாளர்தான் முதலில் கைதட்டினார். பிறகு கூடம் முழுவதும். நெறியாளர் ஒலிவாங்கியை வாங்கி, பெரியவர்கள் எல்லாருமே தங்கள் கண்டுபிடிப்பைப் பிழை என்றுதான் சொல்வார்கள் என்றார். நான் மறுபடியும், “உண்மையாவே பிழைங்க” என்றேன். கைதட்டல் கூடிவிட்டது. மூன்றாம் முறை சொன்னால் எழுந்து நின்றுவிடுவார்களோ என்று பயந்து இறங்கிவிட்டேன்.

இறங்கிய இடத்தில் வக்கீல் நின்றுகொண்டிருந்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால்.

“மிஸ், அது யாரு?”

அவள் எதைக் காட்டுகிறாள் என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. “யானைம்மா” என்றேன்.

“என் யானை இல்ல.”

“இல்ல.”

“வேற யானை வந்து என் யானையோட கொலுசப் போட்டுக்கிட்டு நிக்குது.”

நான் என்னென்னவோ சொன்னேன். விருந்தாளி யானை என்றேன். சும்மா போட்டுப் பார்க்கிறது என்றேன். ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லும்போது சரியாக இருக்கும் என்று நினைத்த ஒவ்வொரு பொய்யும் பாதி வழியில் என்னையே திரும்பிப் பார்த்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன், வேலை முடிந்திருக்கும்.

“என் யானை குளிச்சுட்டு வந்து எதப் போட்டுக்கும்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

“யார்கிட்ட சொல்லணும்?”

அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். எழுத்தர் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தார். புகார் இருந்தால் படிவத்தில் தர வேண்டும் என்றார். அவளுக்குத் தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாது என்பதால், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘செய்ய வேண்டியது’ என்ற இடத்தில், ‘அந்த யானை போகணும்’ என்று எழுதச் சொன்னாள். ‘எப்போதைக்குள்’ என்ற இடத்தில், ‘என் யானை வரதுக்குள்ள.’ கீழே அவளே தன் பெயரை எழுதினாள். ஓர் எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. எழுத்தர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே படிவத்தை வாங்கி, பார்க்காமல், வழக்கம்போல முத்திரையைக் குத்தினார். குத்திய பிறகுதான் குனிந்து வாசித்தார்.

“ஐயையோ” என்றார் மெதுவாக.

“முத்திரை விழுந்தாச்சு சார்” என்றேன்.

அவர் என்னையும் வக்கீலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். என் சான்றிதழ். முன்கூட்டியே தயார் செய்துவிட்டாராம், முந்துமுறை. சுற்றிலும் பொன்னிறத்தில் கொடி ஓரம். மேலே நிலையத்தின் சின்னம். கீழே முத்திரை இரண்டு, கையெழுத்து மூன்று. நடுவில் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. நாளைக்கு எண்ணி முடித்ததும் எழுதிவிடலாம் என்றார். சொல்லிவிட்டு, “யோசிச்சுக்கம்மா” என்றும் சொன்னார்.

நான் அதை நிறைய நேரம் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் அடுக்காக இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு எங்கோ குளிக்கப் போயிருந்தேன்.

மேசை விளிம்புக்கு மேலே தலை தெரிய எம்பிப் பார்த்த வக்கீல், “இது யாரோடது மிஸ்?” என்று கேட்டாள்.

“இன்னும் வரல” என்றேன். அவளுக்கு அது விளங்கியது. தலையாட்டினாள்.

இரவு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியை முதல் முறையாகக் கீழே வைத்தாள். மழலைப் பள்ளி வேலை போய்விடுமே என்றாள். போய்விடும், வரவேற்பறையில் உட்காரலாம் என்றேன். “ரெண்டு வருஷமா?” என்றாள். இரண்டு வருஷம். பிறகு, “வரவேற்பறைக்கும் பிள்ளைங்க வரும்ல” என்றாள். துணியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

புகார்ப் படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். அதில் ஒரே ஒரு படிதான் இருக்கிறது. இடம் மாற வழியில்லை.

நாளை: மென்மையான அழிப்பான் ஒன்று எடுத்துப்போக வேண்டும். அச்சகத்தில் அரை நாள் விடுப்பு சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குள், மதிப்பீட்டாளர் வருவதற்கு முன், யானையை அழிக்க வேண்டும். துதிக்கையிலிருந்து தொடங்கி, பின்பக்கமாக. கொலுசில் கை படக் கூடாது. கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.